ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி: மெடிக்கல் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெடிக்கல் கடையில் மருந்தாளுநராக நிற்கிறேன். சீட்டை நீட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். டாக்டர் எழுதியதை நீங்களாக மாற்றிக்கொள்ள இதைப் பயன்படுத்தாதீர்கள். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும், கடையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது. ஏனென்றால் நான் பார்த்த வரைக்கும் ஆன்டிபயாடிக்கில் வரும் தொந்தரவில் பாதி, டாக்டருக்குச் சொல்லாமல் விட்ட ஏதோ ஒரு விஷயத்தால் வருவது.

இந்தச் சீட்டுல எது ஆன்டிபயாடிக்னு எனக்கு எப்படித் தெரியும்?

கேட்டுவிடுங்கள், அதுதான் சுலபம். அட்டையில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றித் தனியாகப் பிரசாரமே நடத்தியது. ஆனால் கோடு போட்டதெல்லாம் ஆன்டிபயாடிக் கிடையாது, பிபி மாத்திரை அட்டையிலும் பார்க்கலாம்.

பிராண்ட் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், ஒரே மருந்து ஏகப்பட்ட பெயரில் வருகிறது. பெரிய எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் அதிகம் எழுதப்படுபவை அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை (ஆக்மென்டின் 625 என்று கேட்பீர்களே, அது), அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல். மக்கள் மருந்தகத்தில் ஜெனரிக்காக வாங்கினாலும் இதே மூலப் பெயர்தான் இருக்கும், அதனால் பிராண்ட் மாறிவிட்டதே என்று பதற வேண்டாம்.

டாக்டர் எதுவும் கேட்கல, எழுதிக் குடுத்துட்டார். நானா என்ன சொல்லணும்?

கூட்டம் நிறைந்த கிளினிக்கில் அவர் கேட்க மறந்திருக்கலாம், நீங்கள் மறக்கக் கூடாது. முதலில், எந்த மருந்தாவது இதற்கு முன் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்பது. அடுத்து, இப்போது தினமும் போடும் எல்லா மாத்திரையும், சித்த மருந்து, சத்து மாத்திரை உட்பட. பெயர் நினைவில்லை என்றால் அட்டைகளை அப்படியே ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், "ஒரு சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

கிட்னியில் கோளாறு இருந்தால், கிரியேட்டினின் கூடுதல் என்று யாராவது சொல்லியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பல ஆன்டிபயாடிக் சிறுநீர் வழியாக வெளியேறுவதால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். மஞ்சள் காமாலை வந்தது, அதிலும் முன்பு ஒரு ஆன்டிபயாடிக் போட்டபோது வந்தது, முக்கியம். இதயத் துடிப்பில் கோளாறு, ஈசிஜியில் க்யூடி நீளம் என்று சொல்லியிருந்தால் அசித்ரோமைசின் மாதிரி மருந்துகளுக்கு யோசிப்பார்கள். தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா கிராவிஸ், சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணு உடைந்துபோகும் ஜி6பிடி குறைபாடு இரண்டும் எல்லோருக்கும் இருப்பதில்லை, ஆனால் இருப்பவர்கள் வாயைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால் பற்றித் தனியாகக் கீழே இருக்கிறது. கடைசியாக, போன இரண்டு மூன்று மாதத்தில் வேறு ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா என்பது. இதை யாரும் சொல்வதில்லை. அதே மருந்துக்குக் கிருமி பழகிப்போயிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் டாக்டர் வேறு ஒன்றை எழுதக்கூடும்.

சின்ன வயசுல பென்சிலின் ஒத்துக்கலைன்னு எங்கம்மா சொல்வாங்க. என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. சொல்லணுமா?

சொல்லுங்கள், ஆனால் என்ன ஆனது என்பதையும் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்ததா, முகம் உதடு வீங்கியதா, மூச்சு முட்டியதா, மயக்கம் வந்ததா? இல்லை, நாலைந்து நாள் கழித்துச் சின்னப் பொரிபொரியாக வந்து தானாக அடங்கியதா? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். முதல் வகை என்றால் பென்சிலின் குடும்பமே வேண்டாம் என்பார்கள். அமாக்சிசிலினும் அந்தக் குடும்பம்தான், பெயரில் பென்சிலின் இல்லை என்பதால் பலருக்குத் தெரிவதில்லை.

பென்சிலின் அலர்ஜி என்று சொல்லிக்கொள்பவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் 10 பேரில் 9 பேருக்கு அந்த மருந்து பிரச்சினை செய்வதில்லை. உண்மையாகவே இருந்தவர்களுக்கும் பத்து வருடத்தில் பெரும்பாலும் தேய்ந்துபோகிறது. இதற்காக நீங்களே ஒன்று போட்டுப் பார்க்கக் கூடாது, அது ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை. ஆனால் வாழ்நாள் முழுக்க அலர்ஜி என்று சும்மா சுமந்துகொண்டிருந்தால், தேவையில்லாமல் கடுமையான வேறு மருந்துகள்தான் உங்களுக்கு எழுதப்படும்.

போன தடவ ஆக்மென்டின் போட்டு வயித்தால போச்சு. அதுவும் அலர்ஜிதானே?

இல்லை, அது பக்கவிளைவு. வயிற்றுப்போக்கு, குமட்டல், மெட்ரோனிடசோலால் வாயில் வரும் இரும்புக் கசப்பு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். அதை அலர்ஜி என்று எழுத வைத்துவிட்டால் ஒரு நல்ல மருந்தை நிரந்தரமாக இழக்கிறீர்கள். "அலர்ஜி இல்லை, ஆனால் வயிற்றால் போனது" என்று அப்படியே சொல்லுங்கள், டாக்டர் புரிந்துகொள்வார்.

ஊசி போடுறப்ப டெஸ்ட் டோஸ் போட்டாங்க, ஒண்ணும் ஆகல. அப்ப மாத்திரையும் பயப்படாம போடலாம்தானே?

டெஸ்ட் டோஸ் அந்த ஒரு மருந்துக்கு, அந்த நேரத்துக்கு. ஊசியில் போட்டது செஃப்ட்ரியாக்சோன், வீட்டுக்கு எழுதியது சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அதே குடும்பத்து மருந்தாக இருந்தாலும் சில நாள் கழித்து வரும் தோல் தடிப்பை டெஸ்ட் டோஸ் காட்டிக்கொடுக்காது.

சுகர் மாத்திரை, பிபி மாத்திரை எல்லாம் போடுறேன். அதோட இதையும் சேர்த்துப் போடலாமா?

பெரும்பாலும் போடலாம், சில ஜோடிகள் மட்டும் ஆபத்தானவை. சுகருக்கு கிளைமெபிரைட் போடுபவருக்கு லெவோஃப்ளாக்சசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ எழுதினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம், வயதானவர்களுக்கு மயக்கம் வரும் அளவுக்கு. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. காய்ச்சலில் சரியாகச் சாப்பிடவும் மாட்டார்கள், இந்த மாத்திரையும் சேரும். அதனால் அந்த நாட்களில் குளுக்கோமீட்டரில் இரண்டு மூன்று தடவை பார்த்துக்கொள்ளுங்கள், வியர்த்து நடுக்கம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர்.

ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் போடுபவர்கள் எந்த ஆன்டிபயாடிக் எழுதினாலும் சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோலும் கோட்ரைமாக்சசோலும் அதன் வேகத்தை நன்றாகவே கூட்டிவிடும், இடையில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்க்க வேண்டியிருக்கும். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் போடுகிறீர்களா? கோட்ரைமாக்சசோல் கூடவே கூடாது, ரத்த அணுக்கள் உற்பத்தியே படுத்துவிடும். பிபிக்கு டெல்மிசார்ட்டான், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்களுக்கும் அதே கோட்ரைமாக்சசோல் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். கொழுப்பு மாத்திரை போடுபவருக்கு கிளாரித்ரோமைசின் எழுதியிருந்தால் அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்களா என்று கேளுங்கள். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், எல்லா அட்டையையும் காட்டினால் போதும்.

பால் குடிக்கலாமா? தயிர் சாதம்?

அமாக்சிசிலின், செஃபிக்சிம், அசித்ரோமைசின் என்றால் தாராளமாக. சிக்கல் சிப்ரோஃப்ளாக்சசினில்தான். பாலில் இருக்கும் கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நிறுத்திவிடும். மாத்திரையை ஒரு டம்ளர் பாலோடு, மோரோடு விழுங்கக் கூடாது. ஆனால் சாம்பார், ரசம் எல்லாம் ஆகி முழுச் சாப்பாட்டின் கடைசியில் வரும் தயிர் சாதத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பாலைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, துத்தநாகம் சேர்ந்த சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் இதையெல்லாம் பற்றி யாரும் கேட்பதில்லை. உண்மையில் இவைதான் பாலைவிட மோசம். சித்த மருந்தில் சங்கு பற்பம் என்றால் சங்கிலிருந்து வரும் கால்சியம், அயச் செந்தூரம் என்றால் இரும்பு, அதுவும் இதே வேலையைச் செய்யும். சிப்ரோஃப்ளாக்சசினை இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் கழித்துப் போடுங்கள். டாக்சிசைக்ளினுக்கும் இரும்பும் கால்சியமும் ஆகாது, நடுவில் சில மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுலபமான வழி, கோர்ஸ் முடியும் வரை சத்து மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்பது. ஒரு வாரத்தில் ரத்தம் குறைந்துவிடாது.

சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

கவரில் எழுதித் தந்திருப்பார்கள், அதன்படி. ஆக்மென்டின் வகைக்கு மட்டும் ஒரு சின்ன விஷயம்: சாப்பாட்டின் ஆரம்பத்தில், முதல் இரண்டு கவளத்தோடு போட்டால் வயிறு அவ்வளவாகக் கலங்காது.

டாக்சிசைக்ளினுக்கு வேறு கவனம் வேண்டும். முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும், அதன்பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இரவு படுக்கையில் இருந்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கி அப்படியே சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும், அப்புறம் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். வெயிலிலும் தோல் சீக்கிரம் கன்றும், வயல் வேலைக்குப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

625 இல்லைன்னு சொல்றாங்க. 375 ரெண்டு வாங்கிப் போட்டா சரியாயிடுமா?

ஆகாது. 625-இல் அமாக்சிசிலின் 500, கிளாவுலனிக் அமிலம் 125. 375-இல் முதலாவது 250, இரண்டாவது அதே 125. இரண்டு போட்டால் அமாக்சிசிலின் சரியாக வரும், கிளாவுலனிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும், வயிற்றால் போவதற்கு அதுதான் முக்கியக் காரணம். கடைக்காரர் இப்படிச் சொன்னால் வேறு கடை பாருங்கள், அல்லது டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

இதோடு வரும் இன்னொரு கேள்வி, "பவர் ஜாஸ்தியா இருக்கு, பாதியா உடைச்சுப் போடலாமா?" என்பது. எண் பெரிதாக இருப்பதால் மருந்து கடுமை என்று அர்த்தமில்லை. அசித்ரோமைசின் 500-ஐவிட டாக்சிசைக்ளின் 100 லேசானது என்று யாரும் சொல்ல முடியாது, மருந்துக்கு மருந்து அளவு வேறு. பாதி அளவு போட்டால் கிருமி சாகாது, பக்கவிளைவு மட்டும் வரும்.

குழந்தைக்குப் பவுடர் பாட்டில் குடுத்திருக்காங்க. தண்ணி எவ்வளவு ஊத்தணும்?

கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், பாட்டிலில் இருக்கும் கோடு வரை. முதலில் பாட்டிலைத் தட்டிப் பவுடரை உதிர்த்துவிட்டு, கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் தண்ணீர் மட்டம் கீழே இறங்கியிருக்கும், மறுபடியும் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். இந்த இரண்டாவது ஊற்றலை விட்டுவிட்டால் மருந்து கெட்டியாகி ஒவ்வொரு வேளையும் அளவு கூடிப்போகும். சந்தேகமாக இருந்தால் கடையிலேயே கலந்து தரச் சொல்லுங்கள், நாங்கள் செய்து தருவோம்.

அமாக்சிசிலின்-கிளாவுலனிக் சிரப்பைக் கலந்தபின் ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை, வைத்து 7 நாளுக்குள் முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். போன மாதம் கலந்த பாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் நிற்கிறதே என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அளவுக்கு வீட்டுக் கரண்டி வேண்டாம், கூடவே தரும் மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்ச். சீட்டில் 228.5 என்று இருக்கிறதா 457 என்று இருக்கிறதா என்று பாட்டிலோடு ஒத்துப்பாருங்கள், இரண்டாவது சரியாக இரண்டு மடங்கு. குழந்தையின் எடையை வைத்துத்தான் கணக்கு, அதனால் அண்ணனுக்குக் கொடுத்த அளவு தம்பிக்கு ஆகாது.

எட்டு வயசுக்குள்ள டாக்சிசைக்ளின் கூடாதுன்னு படிச்சேன், ஆனா எழுதியிருக்காங்களே?

பல் கறைபடும் என்ற பயத்தில் வந்த விதி அது. ஸ்க்ரப் டைஃபஸ் மாதிரி காய்ச்சலில், நம் ஊர்ப் பக்கம் மழைக்காலத்தில் அது நிறையவே வருகிறது, உயிரைக் காப்பாற்றும் மருந்து அது. சில நாள் மட்டும் கொடுப்பதால் பல்லுக்கு ஆபத்து மிகக் குறைவு. டாக்டர் யோசித்துத்தான் எழுதியிருப்பார், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கொடுக்காமல் விடாதீர்கள்.

மாசமா இருக்கேன் / பால் குடுக்கிறேன். எது போடலாம்?

அமாக்சிசிலின், செஃபாலெக்சின் போன்றவை நெடுங்காலமாகக் கர்ப்பிணிகளுக்கு எழுதப்படுபவை. டாக்சிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்சசின் வகையையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள், சிறுநீர்த் தொற்றுக்கு எழுதும் நைட்ரோஃபுரன்டாயினைப் பிரசவம் நெருங்கும்போது தவிர்ப்பார்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, உறுதியாகத் தெரியவில்லை என்றாலும் சொல்லுங்கள், பல் டாக்டரிடமும்கூட. தாய்ப்பால் கொடுப்பவர்கள் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குக்குப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தைக்கு இளகிப் போகிறதா, வாயில் வெள்ளை படர்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் உறுதியாக அதைக் கெடுக்கும். சாதாரணமாக எழுதப்படும் மற்றவை கெடுப்பதில்லை, ஆனால் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் வேறு பாதுகாப்பும் வேண்டும்.

அண்ணே, ஒரு கல்யாணம் இருக்கு. லேசா தண்ணி போடலாமா?

மெட்ரோனிடசோல், டினிடசோல் என்றால் கூடாது, கோர்ஸ் முடிந்து 3 நாள் வரைக்கும். முகம் சிவந்து, தலை இடித்து, வாந்தி எடுத்துப் படபடப்பு வரலாம். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் நார்ஃப்ளாக்ஸ்-டிஇசட் மாத்திரையில் டினிடசோல் ஒளிந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. குடிக்கவே மாட்டேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அரிஷ்டங்களில் நொதித்து வந்த ஆல்கஹால் இருக்கும், அதையும் அந்த நாட்களில் நிறுத்தி வையுங்கள். மற்ற ஆன்டிபயாடிக்கில் ஒரு பெக்கால் மருந்து செத்துப்போகாது, ஆனால் காய்ச்சலோடு எதற்கு?

போன வருஷம் இதே இருமலுக்கு எழுதின சீட்டு இருக்கு. அதையே வச்சுக் குடுங்களேன்?

கொடுக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சட்டப்படியே முடியாது: 2014 மார்ச் முதல் செஃபிக்சிம், லெவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்துகள் எச்1 பட்டியலில் இருக்கின்றன, யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள். சளி, தொண்டைக் கரகரப்பு பெரும்பாலும் வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. போன வருடம் "மாத்திரையில் கேட்டது" என்று நினைப்பது தானாகவே சரியானதாக இருக்கலாம்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் விஷயம் இன்னும் மோசம். லெவோஃப்ளாக்சசின் டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். போட்டதும் தெளிந்த மாதிரி இருக்கும், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகும், நோய் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் தள்ளிப்போகும், அதற்குள் வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவியிருக்கும். முதலில் சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம்தான்.

யூரின் கல்ச்சர் எழுதியிருக்காங்க. எரிச்சல் தாங்கல, மாத்திரை போட்டுட்டு நாளைக்கு டெஸ்ட் குடுக்கலாமா?

சாம்பிளைக் கொடுத்துவிட்டு மாத்திரை போடுங்கள், அந்த வரிசை மாறக் கூடாது. ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை மருந்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை, டாக்டர் தொடங்கச் சொன்னால் சாம்பிள் கொடுத்த கையோடு தொடங்கிவிடலாம்.

ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுருச்சு. நிறுத்திடலாமா?

கேட்காமல் நிறுத்தாதீர்கள். இப்போதெல்லாம் பல தொற்றுகளுக்கு முன்பைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று தெரிந்து டாக்டர்களே 3 நாள், 5 நாள் என்றுதான் எழுதுகிறார்கள். டிபி மாதிரி சிலவற்றில் நடுவில் நிறுத்தினால் அது பெரிய தப்பு. உங்களுடையது எந்த வகை என்று அவருக்குத்தான் தெரியும். மறந்துபோன வேளையை நினைவு வந்ததும் போடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

போட்டதுல இருந்து அரிக்குது. ஒரு அவில் போட்டுட்டுத் தொடரலாமா?

கூடாது. அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவில் அரிப்பை அடக்கிவிடும், உள்ளே நடப்பதை அடக்காது. முகம், உதடு, நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், தலைசுற்றி விழுவது மாதிரி இருந்தால் போன் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, 108. வாய்க்குள் புண், கண் சிவப்பு, காய்ச்சலோடு தோல் கொப்பளித்து உரிவது, இது சில நாள் கழித்துக்கூட வரும், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போடும்போது குதிகாலுக்கு மேலே நரம்பு இழுக்கிற மாதிரி வலித்தால் நடையைக் குறைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அந்தத் தசைநாண் அறுந்துபோகலாம், 60 வயதுக்கு மேல் ஸ்டீராய்டும் போடுபவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தண்ணீராகவோ ரத்தத்தோடோ பல தடவை வயிற்றால் போனால், கோர்ஸ் முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும், நிற்பதற்கு மாத்திரை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போங்கள். எதுவானாலும் அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், மூலப் பெயரும் பேட்ச் எண்ணும் தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்து, என்ன ஆனது, எத்தனையாவது வேளையில் ஆனது என்று அதோடு எழுதி வையுங்கள். பென்சிலின் கேள்வியில் அம்மாவிடம் கேட்டுவரச் சொன்னேனே, நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு அந்த வேலை இருக்காது.